அழிக்காத பொத்தான்

‘அழி’ என்று நான் வைத்த பொத்தான் எதையும் அழிக்கவில்லை. தெரிந்தேதான் வைத்தேன்!

எவர் கட்டுப்பாட்டிலும் இல்லாத ஓர் இணையப் பதிப்பு முறை வந்திருந்தது. எழுதியது ஓரிடத்தில் இராது. வாசிப்போர் ஒவ்வொருவரின் கருவியிலும் ஒரு பிரதி தங்கிவிடும். எந்த அதிகாரியாலும் முடக்க இயலாது. அதில் எழுதவும் படிக்கவும் உதவும் முதல் செயலியை, மில்லர்புரத்தில் ஒரு வாடகை மாடியில் அமர்ந்து நான் உருவாக்கினேன். அழிக்கும் வசதி எங்கே என்று எல்லோரும் கேட்டார்கள். அந்த முறையில் அது நடவாத காரியம். நடவாது என்று சொன்னால் யார் வருவார்? ‘அழி’யை அமுக்கினால் எழுதியவரின் திரையில் மட்டும் மறையும்படி செய்தேன்... பிறகு விளக்கிக்கொள்ளலாம் என்று இருந்துவிட்டேன்.

பக்கத்துக் கடற்கரை ஊரான தருவைகுளத்திலிருந்து செலின் அதில் எழுத வந்தாள். அவள் தம்பி அந்தோணி விசைப்படகில் கூலிக்குப் போகிறவன். சட்டப்படி பிடிக்கவே கூடாத கடல் அட்டையை அந்தப் படகு கடத்துவதை அவன் பார்த்துவிட்டான். தம்பியின் பெயரையும் போட்டு அதைச் செலின் எழுதினாள். உடனே படகுக்காரரிடமிருந்து மிரட்டல் வந்தது.

“அண்ணே, அழிங்கறத அமுக்கிட்டேன். எல்லா எடத்துலயும் போயிட்டுல்லா?” என்று போனில் கேட்டாள்.

அப்போதாவது சொல்லியிருக்கக் கூடாதா? தம்பியை எங்காவது அனுப்பியிருப்பாளே!

“போயிட்டும்மா” என்றேன்.

அதை நம்பி, அதுவரை வீட்டோடு இருந்த அந்தோணி மறுபடியும் கரைக்குப் போனான். படகுக்காரரின் ஆட்கள், கைபேசியில் அந்தப் பக்கத்தைக் காட்டிவிட்டுத்தான் அடித்தார்களாம். வலது முழங்கை நொறுங்கிவிட்டது. இனி அவனால் வலை இழுக்க முடியாது.

ஆஸ்பத்திரி வராந்தாவில் செலின் அழுதாள். “நாந்தான் சரியா அமுக்காம விட்டுட்டேன் போல, அண்ணே...”

நீங்களாக இருந்தால் வாய் திறந்திருப்பீர்களா? “உம்மேல தப்பில்லம்மா” என்று மட்டும் சொன்னேன். யார்மேல் தப்பு என்று சொல்லவில்லை. வீட்டுக்கு வந்து, செயலியின் அடுத்த பதிப்பில் ‘அழி’ என்பதை ‘மறை’ என்று மாற்றினேன். ஒருவரும் காரணம் கேட்கவில்லை.

செயலியை மூடிவிட்டால்? அந்தப் பக்கம் அப்போதும் இருக்கும். சொல்லிவிட்டால்? அந்தக் கை திரும்பாது... என்று எனக்கு நானே சொல்லிக்கொள்கிறேன். உண்மையில் அவள் முகத்துக்கு அஞ்சுகிறேன்.

நேற்று மறுபடி அழைத்தாள். “அடிச்சவனுவ பேரத் தம்பி எழுதணும்ங்கான், அண்ணே. இடது கையால டைப் பண்ணப் பழகுதான். ஒங்களத்தான் நம்பி வாரான். சொல்லிக் குடுப்பியளா?”

“கூட்டிட்டு வாம்மா” என்றேன்.

இதோ, கீழே ஆட்டோ வந்து நிற்கிறது. உங்களிடம் இவ்வளவும் சொன்னேனே... படியேறி வரும் அந்த இருவரிடமும் சொல்ல இன்னும் எனக்கு வாய் வரவில்லை!