ஐந்து மஞ்சள் கவுன்கள்

ஒரு தாய் அரை மணி நேரம் கண் இமைக்காமல் அடுத்தவள் பிள்ளையைப் பார்த்துக்கொண்டு நின்றால், அவளைக் கவனமான தாய் என்பதா, கவனமில்லாத தாய் என்பதா?

போன ஞாயிற்றுக்கிழமையிலிருந்து இந்தக் கேள்வி என்னை விடவில்லை.

இந்தப் பத்தியைத் தொடர்ந்து படிக்கிற உங்களுக்கு என் பயங்கள் புதிதில்லை. மகள் வாணி இரண்டு முறை தும்மினால் கிளினிக்குக்குக் கிளம்புகிறவள் நான். அப்படிப்பட்டவளை ஜெராம் கடற்கரைக்கு வரச் சொன்னால்? அதுவும் தோட்டத்து லோரியில், எங்கள் லயத்து வரிசை வீட்டுக்காரர்கள் எல்லோரும் ஏறிக்கொள்ள...

எல்லாம் என் வீட்டுக்காரர் செய்த வேலை. டிவியில் யாரோ பலகைமேல் நின்றுகொண்டு அலையில் வழுக்கிக்கொண்டு போவதைப் பார்த்திருக்கிறார். உடனே பழைய அலமாரிக் கதவை அறுத்து, முனையெல்லாம் தேய்த்து, மகளுக்கு ஒரு பலகை செய்துவிட்டார்.

"ஜெராம்ல அலை முட்டிக்கு மேல வராது லா. நீ ஏன் பயப்படுற?" என்றார்.

பயப்படாமல் எப்படி? தண்ணீர் தே தாரிக் டீயின் நிறத்தில் இருக்கிறது. கால் வைக்கும் இடத்தின் ஆழம் கால் வைத்த பிறகுதான் தெரிகிறது!

மதியமானால் கடல் இறங்கி வெறும் சேறுதான். அதனால் காலையிலேயே கூட்டம் நெரிந்தது. எத்தனை லோரி, எத்தனை பிள்ளைகள்! நான் இறங்கியதும் ஒரு முடிவு செய்தேன் — என்ன ஆனாலும் பலகையை விட்டுக் கண்ணை எடுப்பதில்லை. பலகைமேல் மஞ்சள் பூப்போட்ட கவுன். அது என் மகள். புடவை நனைய முழங்கால் தண்ணீரில் நின்றேன். நாசி லெமாக் சோற்றுப் பொட்டலத்தைக் கொண்டுவந்து நீட்டினார்கள். வாங்கவில்லை. மஞ்சள் கவுன் குப்புறப் படுக்கும், அலை தள்ளும், கரையில் வந்து விழும், சிரிக்கும், மறுபடி ஓடும். பார்க்கப் பார்க்க எனக்கே ஆசையாக இருந்தது.

அப்போது ஒரு அலை பலகையைக் கவிழ்த்தது. மஞ்சள் கவுன் எழுந்து, முகத்தைத் துடைத்துக்கொண்டு என்னைப் பார்த்துச் சிரித்தது.

செல்வி. பக்கத்து வீட்டுப் பார்வதி அக்காவின் மகள்.

"செல்வி... வாணி எங்கடி?"

"அவ அப்பவே பலகைய எங்கிட்ட குடுத்துட்டாளே அத்தை!"

எங்கள் லயத்தில் கடலுக்குப் போட்டுக்கொள்வது போன வருஷத்துத் தீபாவளித் துணிதான். சேறானாலும் கவலையில்லை, பாருங்கள். போன தீபாவளிக்குத் துணிக்காரர் வேனில் கொண்டுவந்த ஒரே சுருளிலிருந்து ஐந்து வீட்டுக்காரர்கள் வெட்டி வாங்கினோம். ஐந்து பெண் பிள்ளைகளுக்கும் ஒரே மஞ்சள் கவுன். இது எனக்குத் தெரியாதா? அந்தக் கவுன்களைத் தைத்ததே நான்தான்!

ஓடினேன். ஒரு மஞ்சள் தோளைப் பிடித்துத் திருப்பினேன் — இவள் இல்லை. இன்னொன்று — இவளும் இல்லை. வாணி, வாணி என்று கத்தினேன். அந்த இரைச்சலில் என் குரல் எனக்கே கேட்கவில்லை. பலகைக்கு அப்பால், தண்ணீரைப் பார்க்கத் துணிவு வரவில்லை.

கரையின் அந்தக் கோடியில் பார்வதி அக்கா பாய் விரித்து உட்கார்ந்திருந்தார். கையில் ஒரு குச்சி.

"ஏய் செல்வி! அதுக்கு மேல போன, கால ஒடிச்சிருவேன்!"

கணுக்கால் தண்ணீரில் சிப்பி பொறுக்கிக்கொண்டிருந்த ஒரு மஞ்சள் கவுன், பேசாமல் இரண்டடி பின்னால் வந்தது.

என் வாணி!

அள்ளிக் கட்டிக்கொண்டு அப்படியே சேற்றில் உட்கார்ந்துவிட்டேன். அழுதேனா, சிரித்தேனா, ஞாபகமில்லை.

"என்னா டீச்சரு, எம்பிள்ளையப் போட்டு இந்தக் கொஞ்சு கொஞ்சுற?" என்றார் அக்கா. இடைநிலைப்பள்ளியில் ஐந்தாம் படிவம்வரை படித்ததற்காக லயத்தில் எனக்கு வைத்திருக்கும் பெயர் அது.

"அக்கா, நல்லாப் பாருங்க. இது வாணி!"

அக்கா கண்ணைச் சுருக்கிப் பார்த்தார். "அடியாத்தி! அப்ப எம்பிள்ள?"

"பலகையில இருக்கா. நான்தான் பாத்துக்கிட்டு இருந்தேன்."

"இம்புட்டு நேரமும் நான் ஒம்பிள்ளையவா திட்டுனேன்?"

வாணி தலையாட்டினாள். "ஆமா அத்தை. நெறைய."

"நீ ஏண்டி 'நான் செல்வி இல்ல'ன்னு சொல்லல?" என்று கேட்டேன்.

"பேருதாம்மா தப்பு. தண்ணிக்குள்ள போனது நான்தானே!"

வீட்டுக்காரர் இதைக் கேட்டு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். "ரெண்டு பேரும் சரியாத்தான் பாத்திருக்கீங்க. ஆள்தான் மாறிப்போச்சு லா!"

பொட்டலத்தைப் பிரித்துச் சாப்பிட்டேன். இரண்டு. வீட்டுக்குத் திரும்பும்போது லோரியில், யார் மடியில் யார் பிள்ளை தூங்குகிறது என்று நான் பார்க்கவில்லை. நம்புவீர்களா?

இப்போது தீபாவளி நெருங்குகிறது. வாணிக்கு மட்டும் தனி நிறத்தில் எடுத்தால், எந்தக் கூட்டத்திலும் எனக்கு அடையாளம் தெரியும். நிம்மதி. ஆனால் அதே துணி என்பதால்தானே பார்வதி அக்காவின் கண் அவள்மேல் இருந்தது? தனி நிறத்துக்கு அந்தக் காவல் கிடைக்குமா?

படித்தவள் என்று பெயர். இது எனக்கு விளங்கவில்லை. தனி நிறமா, ஒரே சுருளா? அனுபவமுள்ள தாய்மார்கள் உடனே எழுதுங்கள் — துணிக்காரர் சம்பளத்தன்று வந்துவிடுவார்!