லிப்ற்றில் மோட்டார் சைக்கிள், முன்சீற்றில் அம்மி

"தூக்கும்" என்றான் விற்றவன். அந்த ஒரு சொல்லை மட்டும்தான் சொன்னான். மிச்சத்தைச் சொல்லாமல் விட்டானே, அதுதான் எனக்கு இன்றைக்கும் ஆறவில்லை.

லிப்ற் மோட்டார் சைக்கிளைத் தூக்கும், சரி. லிப்ற்றை யார் தூக்குவது? வாகனம். வாகனத்தின் பின்சில்லுகள் எவ்வளவு தாங்கும்? இதைக் கேட்டதற்கு, "அது வாகனம் செய்தவர்களிடம் கேட்கவேண்டிய கேள்வி" என்று பல் தெரியச் சிரித்தான். செருப்பு விற்கிறவன், கால் இருக்கிறதா என்பது உங்கள் பிரச்சினை என்று சொல்வதுபோல.

நாங்கள் துன் நகரில் இருக்கிறோம். நான் ஒரு முதியோர் இல்லத்தின் சிறிய பஸ்ஸை ஓட்டுகிறேன். காலையில் வீடுவீடாகப் போய் முதியவர்களை ஏற்றி வந்து, பின்னேரம் திரும்பக் கொண்டுபோய் விடுவது என் வேலை. என் மனைவி வீடுகளுக்குப் போய் நோயாளிகளைப் பராமரிப்பவள். மோட்டார் சைக்கிளில் போவாள். நாற்பது வயதுக்குப் பிறகு அதற்கு லைசென்ஸ் எடுத்தாள். என்னைக் கேட்காமல் எடுத்தாள் என்று சொல்லமாட்டேன். கேட்டாள். நான் சிரித்தேன். அந்தச் சிரிப்புக்காகவே எடுத்தாள்.

பிள்ளைகள் தங்கள் பாட்டுக்குப் போன பிறகு ஒரு பழைய வோன்மொபில் வாங்கினோம். கட்டில், குசினி, கக்கூஸ் எல்லாவற்றையும் உள்ளே வைத்த வாகனம். முதல் பயணத்திலேயே ஒரு உண்மை விளங்கிற்று. இதைக் கொண்டுபோய் ஒரு இடத்தில் நிறுத்தி, முன்னால் பந்தல் துணியையும் விரித்துவிட்டால், பிறகு ஒரு போத்தல் பால் வாங்கப் போவதென்றாலும் வீட்டையே கிளப்பவேண்டும். "என்ர மோட்டச்சைக்கிளையும் கொண்டு போவம்" என்றாள் மனைவி. அப்படித்தான் அந்த லிப்ற் எங்கள் வாழ்க்கைக்குள் வந்தது.

வாகனத்தின் பின்பக்கம் நீட்டிக்கொண்டிருக்கும் ஒரு இரும்புத் தட்டு, அவ்வளவுதான். அது தரைவரை இறங்கும். மோட்டார் சைக்கிளை அதில் உருட்டி ஏற்றி, பட்டிகளால் இறுக்கிக் கட்டி, வயரில் தொங்கும் பொத்தானை அழுத்தினால் முனகிக்கொண்டே மேலே வரும். பார்க்க அழகாகத்தான் இருக்கும். ஆனால் பின்சில்லுக்குப் பின்னால் அவ்வளவு தூரத்தில் தொங்குகிற பாரம், சீசோப் பலகையில் தடித்த ஆள் ஒருவர் குந்தியமாதிரி. பின்பக்கம் அமரும், முன்பக்கம் கிளம்பும். ஸ்டியரிங் இருப்பதோ முன்பக்கம்.

எனக்கு இதில் ஏன் இவ்வளவு பயம் என்றால், சில காலத்துக்கு முன் வேகமாக ஓடியதற்காக என் லைசென்ஸை ஒரு மாதம் வாங்கி வைத்திருந்தார்கள். இன்னொரு பிழை செய்தால் நீண்ட காலத்துக்குப் போய்விடும். இல்லத்தின் பொறுப்பாளர் அம்மா மிகவும் மரியாதையாகச் சொல்லியிருந்தார், அப்படி நடந்தால் எனக்குச் சலவை அறையில் இடம் இருக்கிறது என்று. இந்த நாட்டுக்கு வந்த காலம் முழுவதும் கோப்பை கழுவி, கட்டடம் கூட்டி, கடைசியில் ஸ்டியரிங் பிடிக்கிற உத்தியோகத்துக்கு வந்தவன் நான். திரும்பவும் ஈரத் துணியிடம் போகமாட்டேன்.

ஆகவே பயணத்துக்கு முன், மண்ணும் கல்லும் விற்கிற ஒரு முற்றத்துக்கு வாகனத்தைக் கொண்டுபோய், மோட்டார் சைக்கிளோடு தராசில் ஏற்றினேன். முழுப் பாரமும் சரி, பின்சில்லுப் பாரமும் சரி. ஆனால் மயிரிழையில் சரி. அன்று முதல் வீட்டில் என் ஆட்சி. மனைவியின் இரண்டாவது சோடிச் சப்பாத்தை இறக்கினேன். தேங்காயெண்ணெய்ப் போத்தலில் பாதியை வீட்டிலேயே ஊற்றி வைத்தேன்.

"நீங்களும் ஒருக்கா மெலிஞ்சு போட்டு வாங்கோவன்" என்றாள் அவள். "வயித்து வண்டியைப் பாத்தா கர்ப்பிணி எண்ட பேர் உங்களுக்குத்தான் பொருத்தமாயிருக்கு."

அதுவரை எல்லாம் என் கைக்குள் இருந்தது. பிறகுதான் ஷ்லீரன் வந்தது.

நாங்கள் போகவேண்டியது தெற்கே, பெலின்சோனா பக்கம். ஷ்லீரன் இருப்பது வடக்கே, சூரிச்சுக்குப் பக்கத்தில். தெற்கே போகிறவன் ஏன் வடக்கே போனான் என்று கேட்கிறவர்களுக்கு மனைவியின் அக்கா இல்லை என்று அர்த்தம். அக்காவிடம் சொல்லாமல் விடுமுறைக்குப் போனால் பிறகு வருகிற எல்லாக் கொண்டாட்டங்களிலும் அது கதைக்கப்படும். "சும்மா ஒரு தேத்தண்ணி குடிச்சிட்டுப் போங்கோ" என்று அக்கா சொன்னதை நம்பி வாகனத்தை அங்கே விட்டேன்.

தேத்தண்ணி என்பது இடியப்பம், சொதி, பிறகு தோசை என்று நீண்டது. நான் சகலனோடு, அதாவது அக்காவின் கணவரோடு, உள்ளே இருந்து லிப்ற்றின் பெருமையைக் கதைத்துக்கொண்டிருந்தேன். வெளிக்கிட்ட பிறகும் எங்கள் ஆட்கள் வெளிக்கிடமாட்டார்கள் அல்லவா. கதவடியில் ஒரு கதை, படியில் ஒரு கதை, வாகனத்தடியில் இன்னொரு பெரிய கதை. நான் ஸ்டியரிங்கில் இருந்து ஹோர்ன் அடிக்க, பின்னால் சாமான் அறையின் பக்கக் கதவு திறந்து மூடும் சத்தம் கேட்டது. வழிக்கு ஏதாவது பலகாரம் தருகிறார்கள் என்று நினைத்தேன். என்னைப்போல் ஒரு மடையன் உண்டா?

பெருந்தெருவில் ஏறிக் கொஞ்ச நேரத்தில் ஸ்டியரிங் கையில் வெண்ணெய்போல வழுக்கியது. திருப்பினால், யோசித்துவிட்டுத்தான் வாகனம் திரும்பிற்று. ஒரு சிறிய ஏற்றத்தில் முன்சில்லு தெருவைத் தொட்டுக்கொண்டு போகிறதா, அல்லது சும்மா மேலால் தடவுகிறதா என்று தெரியவில்லை. நாங்கள் கோத்தார்ட் மலையில் இருந்து பறந்து இத்தாலிக்குள் இறங்குவதாக எனக்குப் படம் ஓடத் தொடங்கியது.

"இஞ்சாரும், முன்பக்கம் கிளம்புது" என்றேன்.

"உங்கட கற்பனைதான் கிளம்புது. றோட்டைப் பாத்து ஓடுங்கோ."

"பின்னுக்கு என்ன ஏத்தினவை?"

அவள் ஜன்னலால் ஏரியைப் பார்த்தாள். கல்யாணம் கட்டி இவ்வளவு காலத்தில், அவள் காட்சி பார்க்கத் தொடங்கினால் அதன் அர்த்தம் எனக்குத் தெரியும்.

மலைக்கு முன்னால் இருக்கிற ஒரு தரிப்பிடத்தில் வாகனத்தைத் திருப்பி நிறுத்தினேன். சாமான் அறையைத் திறந்தேன். ஒரு கிடாரம். கலியாண வீட்டுக்குச் சோறு காய்ச்சுகிற அளவுக் கிடாரம். அதற்குள் பழைய சேலை சுற்றிய இரண்டு பித்தளைக் குத்துவிளக்கு. எல்லாவற்றுக்கும் பின்னால், வாகனத்தின் வால் நுனியில், கருங்கல்லாக ஒரு அம்மி. குழவியோடு.

நான் போனை எடுத்து அக்காவை அழைத்தேன்.

"ஓம் தம்பி, சேந்திட்டியளோ?"

"அக்கா, அம்மி ஏனக்கா?"

"பெலின்சோனாவில மச்சாளின்ர மகளுக்கு வாற கிழமை கலியாணமெல்லோ. பொம்பிளை அம்மி மிதிக்க வேணும். அங்க ஒருத்தரிட்டையும் நல்ல அம்மி இல்லையாம். நீங்கள் தானே அந்தப் பக்கம் போறியள் எண்டு குடுத்துவிட்டனான்."

"ஒரு சொல்லு சொல்லியிருக்கலாமே!"

"சொன்னா நீங்கள் வேண்டாம் எண்டுவியள் எண்டு தங்கச்சிதான் சொன்னவ. என்ன தம்பி, நீங்கள்தானே சொன்னனீங்கள், உங்கட லிப்ற் மோட்டச்சைக்கிளையே தூக்கும் எண்டு. ஒரு அம்மியைத் தூக்காதே?"

இதுதான் எங்கள் சனத்தின் கணக்கு. ஒரு ஆள் ஒரு ஊருக்குப் போகிறான் என்றால் அவன் மனிதன் இல்லை, பார்சல் சேவை. விமானத்தில் போனால் சூட்கேஸை நிறுத்துப் பார்க்கிறார்கள், அதனால் ஒரு அளவோடு விடுவார்கள். வீட்டையே ஓட்டிக்கொண்டு போகிறவனுக்கு அளவு எங்கே? இனிமேல் கலியாண மண்டபத்தையே பின்னால் கட்டிவிடுவார்கள் போல.

போனை வைத்துவிட்டு நிமிர்ந்தால், தரிப்பிடத்தின் வெளிவாசலில் பொலிஸ். தெருவில் தட்டையான தராசுகளைப் போட்டு, வருகிற வோன்மொபில் ஒவ்வொன்றையும் அதில் ஏற்றி நிறுத்துப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். வெளியே போக வேறு வழி இல்லை. பயந்து ஓடி வந்து, நானே நேராக அவர்களின் முற்றத்தில் வாகனத்தை விட்டிருக்கிறேன்.

பொறுப்பாளர் அம்மாவின் மரியாதையான முகம், சலவை அறையின் ஆவி, படுக்கை விரிப்புகள் எல்லாம் கண்ணுக்கு முன்னால் வந்தன.

"நாங்கள் இஞ்சயே இருப்பம்" என்றேன். "பொலிஸ் போகுமட்டும். கட்டில் இருக்கு, சாப்பாடு இருக்கு."

"கிடாரமும் இருக்கு, சமைச்சு அவையளுக்கும் குடுப்பம்" என்றாள் மனைவி. "விசர்க்கதை கதைக்காமல் மோட்டச்சைக்கிளை இறக்குங்கோ. நான் ஓடிக்கொண்டு வாறன். பின்பாரம் குறையும்தானே."

இவ்வளவு எளிதான யோசனை அவளுக்கு வந்ததே எனக்குக் கோபமாக இருந்தது. பொத்தானை அழுத்தினேன். லிப்ற் மேலே போயிற்று. மறுபடி அழுத்தினேன், இன்னும் மேலே போய் முனகிற்று. அந்தச் சத்தத்துக்குப் பொலிஸ்காரர் ஒருவர் திரும்பிப் பார்த்ததாக எனக்குத் தோன்றியது. நான் வானத்தைப் பார்த்து விசிலடித்தேன். எனக்கு விசிலடிக்கத் தெரியாது, காற்றுத்தான் வந்தது. மனைவி பொத்தானை என் கையில் இருந்து வாங்கிக் கீழ் அம்புக்குறியை அழுத்தினாள். மோட்டார் சைக்கிள் மெதுவாகத் தரைக்கு வந்தது. அவள் பட்டியை அவிழ்த்து, தட்டை மடித்துவிட்டு, தலைக்கவசத்தை மாட்டினாள்.

"அம்மியை நீர் பின்னுக்கு வைச்சுக்கொண்டு போமன்" என்றேன்.

"உங்களை வைச்சுக்கொண்டு போகச் சொன்னாலும் போவன். அம்மியை மாட்டன்."

அதோடு போய்விட்டாள்.

பின்பாரம் குறைய, முன்பாரம் கூடவேண்டும். கிடாரத்தையும் விளக்குகளையும் உருட்டி உள்ளே முன்பக்கம் கொண்டு வந்து கயிறு போட்டுக் கட்டினேன். அம்மியை மூச்சு வாங்கத் தூக்கி, மனைவி இருக்கிற முன்சீற்றில் வைத்தேன். பெல்ற்றும் போட்டேன். ஒரு பழைய சேலையையும் சுற்றி விட்டேன், சீற்றில் கீறல் விழாமல் இருக்க. பார்க்க யாரோ கட்டையான ஒரு அம்மா கோபமாக இருப்பதுபோல இருந்தது.

தராசில் ஏறினேன். இளம் பொலிஸ்காரர் ஜன்னலடியில் வந்து லைசென்ஸை வாங்கினார். கொடுக்கும்போது என் விரல் விடமாட்டேன் என்றது, அவர் கொஞ்சம் இழுத்துத்தான் எடுத்தார். பிறகு முன்சீற்றைப் பார்த்தார். கொஞ்ச நேரம் பார்த்தார்.

"இது என்ன?"

"கல்."

"கல் என்று தெரிகிறது."

"கலியாணத்துக்கு. மணப்பெண் இதில் கால் வைக்கவேண்டும்." என் ஜெர்மன் அந்த நேரம் பார்த்து அகதி முகாமில் படித்த முதல் பாடத்துக்குத் திரும்பிவிட்டது. "கல் இல்லை, கலியாணம் இல்லை."

அவர் தலையாட்டினார். பின்னால் போனார். தராசைப் பார்த்தார், ஏதோ எழுதினார், பிறகு தன் கூட்டாளியிடம் ஏதோ சொன்னார். இருவரும் சிரித்தார்கள். சிரிப்பு நல்லதுக்கா கெட்டதுக்கா என்று எனக்குத் தெரியவில்லை.

"பின்சில்லு சரி" என்றார் வந்து. "முழுப் பாரமும் சரி. லிப்ற்றில் ஏற்றுகிற மோட்டார் சைக்கிள் எங்கே?"

"மனைவிக்கு ஓட ஆசை வந்துவிட்டது."

"இன்று காலையில் இருந்து இந்த மாதிரி லிப்ற்றோடு வந்த எல்லாருடைய மனைவிமாருக்கும் அந்த ஆசை வந்திருக்கிறது" என்றார், முகத்தில் ஒரு சுருக்கமும் இல்லாமல். லைசென்ஸைத் திருப்பித் தந்தார். "சுரங்கத்துக்கு முன்னாலும் எங்கள் ஆட்கள் நிற்கிறார்கள். திரும்ப ஏற்றினால் அவர்களுக்கும் சந்தோஷமாக இருக்கும்."

வெளியே வந்து ஓரமாக நிறுத்தினேன். மனைவி அங்கே மோட்டார் சைக்கிளில் சாய்ந்து நின்றாள். பொலிஸ்காரர் சொன்னதைச் சொன்னேன்.

"அப்ப நான் மலைக்கு மேலால போறன்" என்றாள். அவள் முகத்தில் கவலையின் ஒரு துளியாவது தெரிகிறதா என்று தேடினேன். இல்லை. "நீங்கள் அவவோட சுரங்கத்தால வாங்கோ."

"எவவோட?"

முன்சீற்றை நாடியால் காட்டினாள். அந்த மலைத் தெருவின் வளைவுகளை நாங்கள் இருவரும் வோன்மொபிலில் பார்த்துக்கொண்டு போகவேண்டும் என்பதற்காகத்தான் நான் இந்தப் பாடெல்லாம் பட்டேன். விற்றவன் கிடைத்தால் சொல்லிவையுங்கள்.

சுரங்கத்துக்கு முன்னால் விடுமுறைக்காரர்களின் வரிசை மலையடிவரை நின்றது. என் லைசென்ஸ் சட்டைப் பையில் பத்திரமாக இருந்தது. திங்கட்கிழமை வேலைக்குப் போகலாம் என்று நினைத்தபோது நெஞ்சுப் பாரம் கொஞ்சம் இறங்கிற்று. அப்போது போனில் ஒரு படம் வந்தது. மலை உச்சி, கரையில் பனி, தலைக்கவசத்துக்குப் பக்கத்தில் ஒரு கோப்பை கோப்பி. எனக்கு வந்த கோபத்தை அந்தத் தனிமையில் யாரிடம் காட்டுவது? முன்னால் நின்ற கார் நகர்ந்தது, உடனே நின்றது. நான் பிரேக்கை மிதித்தேன். என் வலது கை தன்பாட்டுக்கு நீண்டு, முன்னால் சாயப் பார்த்த அம்மியைப் பிடித்துக்கொண்டது.