கருகிய பாதி என்னுடையது

மூன்றாம் வகுப்போடு நின்றவன் நான். பாறை உடைத்துப் பாதை போட்டேன், ஓடைத் தண்ணீரைக் குழாயில் இழுத்தேன், கொடைக்கானல் பக்கம் வட்டக்கானலுக்கு மேலே தனியாளாகப் பைன் நாற்றங்கால் அமைத்தேன்.

எண்பதுகளில் ஒரு கோடையில் ஆராய்ச்சியாளர் ஒருவர் வந்தார். ஊசியிலையின் நுண்துளைகளைச் சுருக்கி ஈரத்தைக் காக்கும் வளர்ச்சி மருந்தை ஒரு பாத்தியில் பாதிக்கு மட்டும் தெளித்தார். பிறகு நிழலுக்குப் போட்ட தழைப்பந்தலைப் பிரிக்கச் சொன்னார். மற்ற நாற்றங்கால்காரர்கள் மறுத்த வேலை அது. நான் பிரித்தேன்.

உச்சி வெயிலில் மருந்து படாத பாதி தலை சாய்ந்தது. என் மனைவி தழைக்கட்டோடு ஓடி வந்தாள்.

“ஏங்க, நாத்தெல்லாம் வாடிக் கெடக்கு! வெரசா மூடுங்க!”

“தொடாதே! மூடிட்டா மருந்து காப்பாத்துச்சா, தழை காப்பாத்துச்சான்னு யாருக்குத் தெரியும்?”

“பெத்த புள்ளைன்னா இப்படிப் பார்த்துக்கிட்டு நிப்பீகளா?”

ஒரு நாற்றையும் சாகவிடாத என் கை அன்று சும்மா இருந்தது. அந்தப் பாதி கருகியது. மருந்து பட்ட பாதி பச்சையாக நின்றது.

பின்னர் கொடைக்கானலில் நடந்த கூட்டத்தில் அந்த ஆராய்ச்சியாளர் அந்தப் பாத்தியின் படத்தைக் காட்டி, “என் சோதனை” என்றார். எல்லாரும் கைதட்டினார்கள். கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்த என்னைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை!

மருந்து அவருடையதுதான். பச்சைப் பாதியை அவரே வைத்துக்கொள்ளட்டும். கருகிய பாதி இல்லாவிட்டால் அதை யார் நம்பியிருப்பார்கள்? படத்தில் அந்தக் கருகிய பாதிக்குக் கீழே என் பெயரைப் போடுங்கள்.