இரண்டு கன்னத்திலும் வெட்டு

வீட்டில் அவளுக்கு அவசரக்குடுக்கை என்று பெயர். வைத்தவள் அக்கா. பால் பொங்கும் முன்பே இவள் அடுப்பை அணைப்பாள், பஸ் நிற்கும் முன்பே இறங்குவாள். சேர்ந்த படிப்பையெல்லாம் பாதியில் விட்டுவிட்டு, கம்ப்யூட்டர் விளையாட்டுகளுக்கு உருவம் செய்யும் படிப்பில் வந்து நின்றாள். "இதுலயாவது ஒரு வேலை வாங்கு. இல்லேன்னா பேசாம என் ஆபீஸ்ல வந்து உக்காரு" என்று அக்கா சொல்லியிருந்தாள். சொன்னால் செய்கிறவள் அக்கா.

அதனால் கடைசி வருடத்து உருவம் வாழ்வா சாவா என்றாகிவிட்டது. எங்குமே இல்லாத ஒரு நாட்டின் படைத்தலைவி; தலையும் தோளும் மட்டும். நரைத்த பின்னல், எலும்புத் தோடு, இடது கன்னத்தில் நீளமாக ஒரு கத்தி வெட்டு. திரையில் களிமண்ணைப் பிசைவதுபோல் பிசைந்து, அழகாகத்தான் செய்திருந்தாள். ஆனால் விளையாட்டுக்குள் ஓட வேண்டிய உருவம் கனக்கக் கூடாது. நுணுக்கங்களைக் குறைத்து, முகத்தின் தோலைச் சட்டைத் துணிபோல் வெட்டித் தட்டையாக விரித்து, அதன்மேல் நிறம் தீட்ட வேண்டும். அங்கேதான் தன் புத்தியைக் காட்டிவிட்டாள். இரண்டு கன்னமும் ஒன்றுபோலத்தானே என்று ஒரு பாதியை மட்டும் விரித்து, மறுபாதியை அதன்மேலேயே மடித்துப் போட்டாள். பாதி வேலை மிச்சம் என்று சந்தோஷம் வேறு.

கண்காட்சி அன்று கல்லூரி மேசையில் உருவத்தைச் சுழலவிட்டாள். இடது கன்னத்தில் வெட்டு. திரும்பினால் வலது கன்னத்திலும் அதே வெட்டு, அதே நீளம். ஒரு பாதியில் தீட்டியது மறுபாதியிலும் விழத்தானே செய்யும்! தீட்டிய அத்தனை நாளும் இடப்பக்கத்தையே பார்த்திருந்தவள் ஒருமுறையாவது திருப்பிப் பார்த்திருக்கலாம். தோலை மறுபடி விரிக்க நேரமில்லை.

ஒரே ஒருவரை வேலைக்கு எடுக்க வந்திருந்த கம்பெனி அம்மாள், மேசை மேசையாகப் பார்த்துக்கொண்டு வந்தவர், இங்கே நின்றுவிட்டார்.

"ரெண்டு பக்கமும் ஒரே மாதிரி வெட்டு. ஏம்மா?"

வாய் முந்திக்கொண்டது. "அது சண்டையில பட்டது இல்ல மேடம். தலைவியா ஆகுறப்போ அவங்க நாட்டுல போடுற கீறல். அளந்துதான் போடுவாங்க."

"அடேயப்பா!" அந்த அம்மாள் பக்கத்தில் நின்ற வாத்தியாரிடம் திரும்பினார். "பாத்தீங்களா சார், என்ன நிதானம்! யோசிச்சு யோசிச்சு செஞ்சிருக்கு இந்தப் பொண்ணு."

ஆரம்பத்தில் அவள் ஒற்றை வெட்டோடு வரைந்து காட்டிய படத்துக்குச் சரி சொன்னவரே அந்த வாத்தியார்தான். அவளைப் பார்த்தார், கூரையைப் பார்த்தார். "ஆமாங்க" என்றார்.

வேலை கிடைத்துவிட்டது.

வீட்டில் அக்கா அவளைத் தூக்கிச் சுற்றாத குறை. அவளுக்கோ ஓரிடத்தில் உட்கார முடியவில்லை. ஜன்னலைத் திறந்தாள், சாத்தினாள், தண்ணீர் எடுத்துக் குடிக்காமலே வைத்தாள். சந்தோஷமும் பயமும் ஒன்றையொன்று பிடித்துத் தள்ளின. நிதானமான பெண் என்று நம்பியல்லவா கூப்பிட்டிருக்கிறார்கள்? அப்படியொருத்திக்கு அவள் எங்கே போவாள்?

அக்கா போனில் படைத்தலைவியின் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தாள். "பாவம்டி. யாருடி இந்தம்மாவ ரெண்டு பக்கமும் இப்படி வெட்டினது?"

"நான்தான்க்கா" என்றாள்.

அக்கா விழுந்து விழுந்து சிரித்தாள். அவளுக்குச் சிரிப்பு வரவில்லை.