கூவாது என்றார் பெத்தணன்

ராக்கெட்டைப் பற்ற வைப்பதற்கு முன்பே அது எங்கே போகும், என்ன செய்யும் என்று பெத்தணன் சொல்லிவிடுவார். ஏழாயிரம்பண்ணைப் பக்கம் இருக்கும் அந்தப் பட்டாசுக் கம்பெனியில் இது எல்லோருக்கும் தெரிந்த சங்கதி. புதிதாக ஒரு ராக்கெட் செய்தால் முதலில் அவர் கையில்தான் கொடுப்பார்கள். ஆள்காட்டி விரலின் மேல் அதைக் குறுக்கே வைத்து நிறுத்துவார். குழல் பக்கம் சாய்கிறதா, குச்சிப் பக்கம் சாய்கிறதா என்று பார்ப்பார். நகத்தால் குழலை இரண்டு தட்டு தட்டுவார். பிறகு கண்ணை மூடிக்கொள்வார். அந்தக் கொஞ்ச நேரத்துக்குள் ராக்கெட் அவருக்குள்ளேயே கிளம்பி, ஏறி, பூத்து, அணைந்தும் போயிருக்கும். கண்ணைத் திறந்து, "தெக்கே சாயும்" என்பார். அதுவும் சொன்ன பேச்சைத் தட்டாமல் தெற்கே சாயும்.

"அண்ணாச்சி வாயைத் தொறந்துட்டா ராக்கெட்டுக்கு வேற வழி ஏது?" என்று கம்பெனி வேனில் வேலைக்கு வரும் பெண்கள் கேலி பேசுவார்கள். முதலாளி சீனிவாசகம்கூட டிரையல் எப்படி நடந்தது என்று கேட்பதை விட்டுவிட்டார். பெத்தணன் என்ன சொன்னார் என்றுதான் கேட்பார்.

இந்த ஞானதிருஷ்டிக்குப் பின்னால் ஒரு சின்னத் திருட்டுத்தனம் இருந்தது. அவருக்குக் காது சரியாகக் கேட்காது.

முழுச் செவிடு என்று சொல்ல முடியாது. பக்கத்தில் நின்று பேசினால் பேச்சு விழும். அணுகுண்டு வெடித்தால் நெஞ்சில் வந்து இடிக்கும். கீச்சென்று வருகிற சத்தம்தான் எதுவும் கிடையாது. குருவி, கொசு, செல்போன் மணி எல்லாம் அவரைப் பொறுத்தவரை ஊரைவிட்டே போய்விட்டன. ஒருநாள் மனைவி பாண்டிலட்சுமி தீப்பெட்டி ஆபீசுக்குக் கிளம்பும்போது, மூன்று விசில் வந்ததும் அடுப்பை அணைக்கச் சொன்னாள். அவர் குக்கருக்கு எதிரிலேயே உட்கார்ந்து காத்திருந்தார். கருகின வாடைதான் வந்தது. "கண்ணு அசந்துட்டேன்" என்று சமாளித்தார். அவளிடமே சொல்லவில்லை என்றால் வேறு யாரிடம் சொல்லியிருப்பார்?

அச்சங்குளத்தில் பிறந்தவர். அப்பனும் ஆத்தாளும் அடுத்தவர் காட்டில் பருத்தி எடுத்துப் பிழைத்தவர்கள். பெத்தணன் பத்தொன்பது வயதில் கம்பெனிக்கு வந்து, ஐந்து வருடம் தலையைக் குனிந்து திரி சொருகினார். டிரையல் பார்க்கிறவர் ஒருநாள் கல்யாணத்துக்குப் போய்விட்டார். ஃபோர்மேன் இவரைக் கூப்பிட்டு ஊதுபத்தியைக் கையில் கொடுத்தார். பொட்டலில் தனியாக நின்று முதல் ராக்கெட்டைப் பற்ற வைத்தவர், ஓட மறந்து அண்ணாந்து பார்த்துக்கொண்டே நின்றுவிட்டார். குனிந்தே கிடந்த கழுத்துக்கு வானம் கிடைத்தது. அதன்பிறகு அந்த வேலையை அவர் யாருக்கும் விட்டுக்கொடுக்கவில்லை. இருபத்தெட்டு வருடம் எத்தனையோ வெடிகளின் பக்கத்தில் நின்ற காதுகள் கடைசியில் தாங்களாகவே கதவைச் சாத்திக்கொண்டன.

அது தெரிந்தது ஐந்து வருடத்துக்கு முன்னால். மேலே போய்ப் படபடவென்று பொரிய வேண்டிய ராக்கெட் ஒன்று அவர் பார்த்தபோது மௌனமாகப் பொரிந்தது. "எப்படிண்ணே பொரிஞ்சுச்சு?" என்று யாரோ கேட்டார்கள். "நல்லாத்தான்" என்று சொல்லி நழுவினார். காது கேட்காத ஆளைத் தீயோடு விளையாட எந்தக் கம்பெனி விடும்? மறுநாள் யாரும் வாயைத் திறப்பதற்கு முன்பே, "இது நல்லாப் பொரியும் பாருங்க" என்று முந்திக்கொண்டார். பொரிந்தது. முன்னால் சொல்லிவிட்டால் பின்னால் யாரும் கேட்க மாட்டார்கள் என்பது அன்றைக்குத்தான் புரிந்தது. தப்பிப்பதற்காகத் தொடங்கியது போகப் போகக் கைவந்த வித்தையாகிவிட்டது.

உண்மையைச் சொன்னால், சத்தம் போன பிறகு வானம் அவருக்கு இன்னும் அழகாகிவிட்டது. ராக்கெட் ஏறுவது தண்ணீருக்குள் ஒரு மீன் மேலே வருவதைப்போல இருக்கும். உச்சியில் சிவப்பும் பச்சையுமாகப் பூத்து, அவசரமே இல்லாமல் உதிரும். அந்த அமைதிக்குள் நின்றுகொண்டு, உலகத்தில் தனக்கு மட்டும்தான் இப்படித் தெரிகிறது என்று நினைத்துக்கொள்வார். மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு வேப்பமரத்தடியில் கண் அசந்தாலும் அதே வானம்தான் வரும். அதில் இன்னும் யாரும் செய்யாத ராக்கெட்டுகள்கூட மெல்ல ஏறிக்கொண்டிருக்கும்.

இந்த நிலைமையில்தான் யோகேஸ்வரி வந்தாள். விருதுநகர்ப் பெண். கெமிஸ்ட்ரி படித்துவிட்டு வெடிமருந்துக் கலவை பார்க்கிற வேலையில் சேர்ந்து இரண்டு வருடம் ஆகிறது. பெத்தணன் அவளைக் கெமிஸ்ட்டம்மா என்று கிண்டலாகக் கூப்பிடுவார். அவளுக்கு ஒரு ராக்கெட் ஆசை. ஏறும்போது அது சத்தம் போடக் கூடாது. உச்சிக்குப் போய் ஒரு நொடி சும்மா நிற்க வேண்டும். பிறகு மூன்று விளக்காகப் பிரிந்து, மூன்றும் விசில்போலக் கீச்சென்று கூவிக்கொண்டே இறங்க வேண்டும். நான்கு தடவை செய்தாள். ஒன்று கிளம்பவே இல்லை, ஒன்று பாதியில் வெடித்தது, மற்ற இரண்டிலும் விளக்குகள் எரியவில்லை. நான்கையும் பெத்தணன் முன்னாலேயே சொல்லியிருந்தார். ஐந்தாவது தடவையும் சரிவராவிட்டால் இதை மூட்டை கட்டிவிட்டு வேறு ஐட்டம் பார்க்கச் சொல்லிவிட்டார் சீனிவாசகம்.

பங்குனி மாதத்து அந்தி. வேன்கள் எல்லாம் ஆட்களை ஏற்றிக்கொண்டு போய்விட்டன. பொட்டலில் பெத்தணனும் யோகேஸ்வரியும் மட்டும் நின்றார்கள். தூரத்தில் தரிசு நிலத்தில் கிழவி ஆவுடைத்தாயின் ஆடுகள் மேய்ந்துகொண்டிருந்தன.

"ஒரே மாதிரி ரெண்டு செஞ்சிருக்கேன் அண்ணாச்சி. என்ன சொல்லுதுன்னு பாருங்க."

அவர் ஒன்றை விரலில் நிறுத்தினார். ஆடாமல் நின்றது. தட்டினார். மூன்று சின்னக் குழல்களும் தலைக்குள்ளே மறைந்திருந்ததால் நகத்துக்கு ஒன்றும் எட்டவில்லை. கண்ணை மூடினார். ராக்கெட் ஏறியது, நின்றது, மூன்றாகப் பிரிந்தது. அதற்குமேல் அவருடைய கனவிலும் சத்தம் இல்லை. அந்த மௌனத்தை அவர் ராக்கெட்டின் குறை என்று எடுத்துக்கொண்டார். பாவம், குறை தன் காதில் என்று மனிதருக்குத் தோன்றவில்லை.

"நேராப் போகும் தாயி. உச்சியில நிக்கும். வெளக்கும் எரியும். ஆனா கூவாது."

யோகேஸ்வரியின் முகம் சுருங்கியது. "கொளுத்திப் பாத்துருவோமே" என்றாள்.

அவளைத் தள்ளி நிற்கச் சொல்லிவிட்டு இரும்புக் குழாயில் குச்சியை இறக்கினார். ஊதுபத்தியைத் திரியில் வைத்துவிட்டு விலகி வந்தார். ராக்கெட் கோடு கிழித்த மாதிரி ஏறி, உச்சியில் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றது. பிறகு மூன்று வெள்ளை விளக்குகள் பிரிந்து, ஆளுக்கொரு பக்கமாகச் சுழன்று சுழன்று இறங்கின. இத்தனை வருடத்தில் இவ்வளவு அழகாக ஒன்றை அவர் பார்த்ததில்லை. தரிசில் ஆடுகள் எல்லாம் ஒரே நேரத்தில் தலையைத் தூக்கின. அதைப் பார்த்தார், ஆனால் மனதில் வாங்கவில்லை. கடைசி விளக்கு அணைந்ததும் திரும்பினார்.

"சொன்னேன்லா. கூவலை."

யோகேஸ்வரி வாயைக் கையால் பொத்திக்கொண்டு நின்றாள். கண் நிறைய தண்ணீர். அவரையே பார்த்தாள். அந்தப் பார்வை அவருக்கு என்னவோபோல் இருந்தது. பிறகு டிரையல் நோட்டை மடியில் வைத்துக் குனிந்து எழுதினாள்.

"ஆமா அண்ணாச்சி. கூவலை."

தோற்றுப்போனதற்காக அழுகிறாள் என்று அவர் நினைத்தார். "அழாதீக தாயி. இம்புட்டு அழகா இறங்குதே, இதே பெரிய காரியம்லா. நான் முதலாளிகிட்டப் பேசுதேன்" என்றார். அவள் தலையை மட்டும் ஆட்டினாள். நோட்டில் அவர் கையெழுத்துப் போட வேண்டிய இடத்தைக் காட்டினாள். அவர் பேனாவை வாங்கினார்.

அதற்குள் ஆவுடைத்தாய் கம்பை ஊன்றிக்கொண்டு வந்துவிட்டாள். கிழவிக்குக் கட்டைத் தொண்டை. அவள் பேச்சு மட்டும் பெத்தணனுக்கு நன்றாகவே விழும்.

"ஏலே பெத்தணா, என்ன எளவுலே அது? அம்புட்டுக் கூவு கூவுது! என் ஆடு பூராம் மெரண்டு ஓடைப் பக்கம் ஓடிப்போச்சு. பத்து நரி சேந்தாப்புல கூவுச்சே, ஒனக்குக் கேக்கலையா?"

திட்டிக்கொண்டே ஆடுகளைத் தேடிப் போய்விட்டாள். பெத்தணன் பேனாவோடு நின்றார். நோட்டைப் பார்த்தார். 'கூவவில்லை' என்று அழகான எழுத்தில் இருந்தது. நான்கு தடவை தோற்று ஐந்தாவது தடவை ஜெயித்தவள் தன் கையால் எழுதிய பொய்.

"ஏன் தாயி?"

அவள் கிட்டே வந்து நிதானமாகப் பேசினாள். "தெரிஞ்சா ஒங்களை இந்த வேலையில வைக்க மாட்டாகளே அண்ணாச்சி. ராக்கெட்டு போனா நான் இன்னொன்னு செஞ்சுக்கிடுவேன்."

ஐந்து வருடம் ஒளித்து வைத்ததை ஒரு பெண் ஒரே நொடியில் கண்டுபிடித்து, அதைக் காப்பாற்றவும் துணிந்துவிட்டாளே என்று அவருக்கு வெட்கமாகவும் இருந்தது, அழுகையாகவும் இருந்தது. நோட்டில் அந்த வார்த்தையை அடித்தார். கீழே கோணல்மாணலாக எழுதினார்: 'கூவியது. எனக்குக் காது கேட்காது. பெத்தணன்.'

வாசலில் காவலாளி அறைக்குப் போய், தீக்குப் பயந்து அங்கே வாங்கி வைத்திருந்த அவளுடைய செல்போனில் முதலாளியைக் கூப்பிடச் சொன்னார். ராக்கெட் ஜெயித்ததைச் சொன்னார். தன் காதைப் பற்றியும் சொன்னார். பதில் புரியாமல் போனை யோகேஸ்வரியிடம் கொடுத்தார். அவள் வெகுநேரம் கேட்டுக்கொண்டிருந்தாள்.

"என்ன சொன்னாக?"

"ராக்கெட்டை எடுத்துக்கிடுறாகளாம்." அவள் போனை அணைத்தாள். "நாளையில இருந்து நீங்க கொளுத்த வேண்டாமாம். பேக்கிங்ல வேலை தாறாகளாம்."

சீனிவாசகம் சொன்னதில் தப்பு இல்லை என்று பெத்தணனுக்குத் தெரியும். ஆனாலும் அண்ணாந்து வானத்தைப் பார்த்தார். மேற்கே இன்னும் வெளிச்சம் மிச்சம் இருந்தது.

"இன்னொரு ராக்கெட்டு இருக்குல்லா தாயி? நாளையில இருந்துதானே நான் கொளுத்தக் கூடாது?"

பொட்டலுக்குத் திரும்பினார்கள். அவர் விரலில் நிறுத்திப் பார்க்கவில்லை, தட்டவில்லை, எதையும் சொல்லவில்லை. திரியைப் பற்ற வைத்துவிட்டு வந்து யோகேஸ்வரிக்கு எதிரில், ராக்கெட்டுக்கு முதுகைக் காட்டி நின்றார்.

"அண்ணாச்சி, அங்கன பாருங்க!"

அவர் அசையவில்லை. அவள் கண்கள் மெல்ல மேலே போயின. போய்க்கொண்டே இருந்தன. ஓர் இடத்தில் நின்றன. பிறகு அவள் தோள் சிலிர்த்தது, கண் அகலமாக விரிந்தது, இரண்டு கையும் தாமாகக் காதுப் பக்கம் போய்ப் பொத்தாமல் நின்றுவிட்டன. வானம் அவருக்கு ஒருநாளும் காட்டாத ஒன்று அந்த முகத்தில் தெரிந்தது.

"கூவுது" என்றார் பெத்தணன்.