கருப்பட்டிச் சாமியாரும் கலையாத பக்தர்களும்

தொலைக்காட்சிக்கு நாடகம் எடுப்பவர், கதை எழுதுவதற்குச் செலவிடும் நேரத்தைவிடப் பல மடங்கு நேரத்தை, அக்கதையை மாற்றச் சொல்லும் மனிதர்களின் அறைவாசலில் செலவிடுகிறார். மேலதிகாரியின் கையெழுத்துக்காக மரப்பெஞ்சில் உட்கார்ந்து முதுகு தேய்ந்தவர் நீங்களும் என்றால் நாம் ஒரே சாதி, கேளுங்கள்.

ஒப்புதல்

எழுபதுகளின் பிற்பகுதி. சென்னையில் தொலைக்காட்சி தொடங்கிச் சில ஆண்டுகளே ஆகியிருந்தன. அதுவரை உரம், குடற்புழு ஆகிய தலைப்புகளில் உரையாடல்கள் தயாரித்துவந்த என்னிடம் முதன்முறையாக ஒரு முழு நாடகத்தை ஒப்படைத்தார்கள். கதையை நானே எழுதினேன். தூத்துக்குடிக்குத் தெற்கே ஒரு மணற்கரை. உலகம் அழியும், இந்த மணல் மட்டும் மிஞ்சும் என்கிறார் ஒரு சாமியார். நம்பியவர்கள் அங்கேயே குடிசை போட்டுத் தங்கிவிடுகிறார்கள். அரசுக்கு அந்த இடம் தேவைப்படுகிறது. தாசில்தார் போலீசோடு வந்து வளைத்துக்கொள்கிறார். குடிசைக்காரர்கள் நகர மறுக்கிறார்கள்.

மறுப்பதோடு நான் நாடகத்தை முடித்திருந்தேன். ஒப்புதல் தரவேண்டிய அதிகாரி பேனாவை மூடிவைத்தார். முடிவை மாற்றி எடுத்துவந்தால் ஒளிபரப்பு உண்டு. இல்லையேல் நாடகமும் இல்லை, நாடகப் பிரிவில் எனக்கு நாற்காலியும் இல்லை, மறுபடியும் குடற்புழுதான். அவர் சொன்னது இன்றும் எனக்கு மனப்பாடம்: "சனங்க தாமா எழுந்து போகணும். போகும்போது முகத்துல சந்தோஷம் தெரியணும்மா."

காக்கி

படப்பிடிப்புக்குத் தேர்ந்த இடம் பெரியதாழைக்குப் போகும் வழியில் ஒரு மீனவச் சிற்றூர். பெயரைச் சொன்னால் இப்போதும் என்னிடம் சண்டைக்கு வருவார்கள், சொல்லவில்லை. பக்தர்களாக அவ்வூர் மக்களையே பேசி வைத்திருந்தோம். மீன் விற்கும் சவேரியம்மாள் பெண்களுக்குத் தலைவி. போலீசாக நடிக்க உப்பளத் தொழிலாளர் சிலரைத் திரட்டி, வாடகைக் காக்கியை வழியிலேயே மாட்டிவிட்டு, முதல் நாள் காலை அவர்களை ஜீப்பில் ஏற்றிக்கொண்டு ஊருக்குள் நுழைந்தோம்.

ஊரில் நாய்கள் மட்டும் இருந்தன. ஆண்கள் கட்டுமரம் ஏறிக் கடலுக்குள் போய்விட்டார்கள். பெண்கள் மாதா கோயிலுக்குள் புகுந்து கதவைச் சாத்திக்கொண்டார்கள். என்ன பாவம் செய்தீர்கள் என்று நான் கேட்கவில்லை. காக்கியைக் கண்டு ஓடுவதற்கு இந்த நாட்டில் பாவம் செய்திருக்க வேண்டியதில்லை. உப்பளத்தார் தொப்பியைக் கழற்றி முகத்தைக் காட்டிய பிறகே கதவு திறந்தது. கண்ணாடி போட்ட பெண் எவளும் அவ்வூரில் டீச்சர்தான், நானும் அப்படியே. சவேரியம்மாள் என்னைப் பார்த்துச் சொன்னாள்: "நடிக்கக் கூப்புட்டுட்டு நெசமாவே வந்து நின்னா எப்பிடி டீச்சர்?"

எடை

சாமியாராக நடிக்க உடன்குடிப் பக்கத்துக் கருப்பட்டி வியாபாரி ஒருவர் கிடைத்தார். ஊரே அவரை அண்ணாச்சி என்றது. ஒட்டத் தேவையில்லாத தாடி, கணீரென்ற குரல், அரைக்கண் பார்வை. கடவுளே அனுப்பிய ஆள் என்று மகிழ்ந்தேன். கடவுள் கருப்பட்டிச் சிப்பத்தையும் தராசையும் சேர்த்தே அனுப்பியிருந்தார் என்பது பிறகு தெரிந்தது. கேமரா ஓயும்போதெல்லாம் காவி வேட்டியோடு உட்கார்ந்து பக்தைகளுக்குக் கருப்பட்டி நிறுத்துக் கொடுத்தார்.

மாலையில் பக்தைகள் அவர் காலடியில் கண்ணீர் மல்க அமரவேண்டிய காட்சி. ஒருத்தி முகத்திலும் பக்தி இல்லை. எல்லாரும் வாயைக் கோணிக்கொண்டு வேறு பக்கம் பார்த்தார்கள். நான் கெஞ்சினேன். அருள்பீடத்திலிருந்து அண்ணாச்சி எழுந்து, "ஏளா, எடை சரியாத்தான்ளா இருந்துச்சு!" என்று கத்தினார். கடைசியில் ஆளுக்கொரு கருப்பட்டி கொசுறாகப் போன பிறகே கண்ணீர் வந்தது. கொசுறு வருவதற்கு முன் சவேரியம்மாள் சொன்னது: "காலைல எடையக் கொறச்ச மனுசன், சாயங்காலம் மோட்சம் குடுப்பாராக்கும்!"

பெட்டி

இந்தப் படத்தை எங்கே பார்க்கலாம் என்று ஒருநாள் ஊரார் கேட்டார்கள். பொய் சொல்லும் பழக்கம் எனக்கில்லை. சென்னையைத் தாண்டினால் தொலைக்காட்சி தெரியாது, தூத்துக்குடியில் பெட்டி வாங்கி வைத்தாலும் அதில் ஒன்றும் வராது என்று சொன்னேன். எல்லாரும் வருத்தப்படுவார்கள் என்று எதிர்பார்த்தேன். வருத்தப்பட்டவர் அண்ணாச்சி ஒருவரே. "அப்போ நான் சாமியா இருந்தது மெட்ராஸ்காரனுக்கு மட்டுந்தான் தெரியுமா? அங்கன எனக்கு ஏவாரமே கெடையாதேம்மா!"

கடைசிக் காட்சி

கடைசி நாள் மிஞ்சியிருந்த பிலிம், ஒரே முறை எடுப்பதற்கு மட்டும் போதும். தாசில்தாராக நடித்தவர் சண்முகவேல். தூத்துக்குடியில் ஒரு கப்பல் ஏஜென்சியின் குமாஸ்தா. சொந்தப் பணத்தில் கருப்பு ஷூ, அவ்வூர்ப் பேச்சில் சப்பாத்து, வாங்கி மெருகேற்றி வைத்திருந்தார். தாசில்தார் அரசாணையை வாசிக்கவேண்டும், பக்தர்கள் சிரித்த முகத்தோடு எழுந்து போகவேண்டும் என்று விளக்கினேன்.

சவேரியம்மாள் எழவில்லை. "இருந்த எடத்த விட்டு சிரிச்சிக்கிட்டு எவளாவது போவாளா? நீங்க போவீயளா டீச்சர்?"

போகமாட்டேன் என்றேன். என் பழைய முடிவைத்தான் அவள் எனக்குத் திருப்பிச் சொன்னாள். அதை எதிர்த்து வாதாடவேண்டிய கேடு எனக்கு. இந்தக் காட்சி இல்லாமல் திரும்பினால் எனக்கு இனி நாடகமே கிடையாது என்று உள்ளதைச் சொன்னேன். அவள் மீன் ஏலத்தில் விலையை இறக்குவதுபோல் இறங்கிவந்தாள். எழுந்திருப்பார்களாம், நடப்பார்களாம், சிரிக்கமட்டும் மாட்டார்களாம். அதற்கும் ஒரு நிபந்தனை: "வல காயுத எடத்துல சப்பாத்துக்காலு படப்பிடாது. கவருமெண்டா இருந்தாலும் கழத்திப் போட்டுட்டு வரட்டும்."

வெறுங்காலோடு வந்தால் தாசில்தாருக்கு என்ன மரியாதை என்று சண்முகவேல் முறையிட்டார். கழற்றச் சொன்னேன். உச்சிவெயில். சிறிது தூரம் கம்பீரமாக நடந்தார். அதன்பின் கால்கள் தம் விருப்பப்படி நடக்கத் தொடங்கின. ஆனாலும் வாசிப்பை நிறுத்தாமல், "இதனால் சகலருக்கும்" என்று தொடங்கி, சொல்லுக்கொரு குதியாக அரசாணையை முழுவதும் வாசித்தார். முதலில் அண்ணாச்சியின் தாடி குலுங்கியது. பிறகு பெண்கள், பிறகு போலீஸ். சிரித்துச் சிரித்துக் கண்ணில் நீர் வழிய அத்தனை பேரும் எழுந்துவந்தார்கள். சவேரியம்மாள் தாசில்தாரின் கையைப் பிடித்து ஈரமணலுக்கு இழுத்துப் போனாள். கேமரா பக்தர்களின் முகங்களின்மேல் இருந்தது. தாசில்தாரின் கால்கள் படத்தில் விழவில்லை.

சென்னையில் அந்தக் காட்சியை அதிகாரி இரண்டாம் முறையும் போடச் சொன்னார். ஒப்புதலில் கையெழுத்திட்டு, கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே சொன்னார்: "பாத்தீங்களா? அதிகாரி தன்மையாப் பேசினா சனங்க எவ்வளவு சந்தோஷமா வராங்க!"

அரசை எதிர்த்து உட்கார்ந்த மக்களை எழுப்புவதற்குச் சட்டமும் போலீசும் போதா, சுடுமணலில் வெறுங்காலோடு இறங்கும் ஒரு தாசில்தார் வேண்டும் என்பதே இத்தொழில் எனக்குக் கற்பித்த அரசியல்.