சம்பந்தி தட்டிய ஸ்டார்ட்டர்

ராஜா அண்ணாமலைபுரத்தில் ஷெட் வைத்திருந்த மெக்கானிக் பொன்னுரங்கம், முப்பது வருஷத்தில் ஒரு வண்டியின் கோளாறைக்கூடத் தப்பாகச் சொன்னதில்லை. இதை அவரே சொல்வார், யாரும் கேட்காமலேயே. என் ஸ்கூட்டருக்கு வேறொருவர் பிளக் மாற்றியது தெரிந்ததும் மூன்று மாதம் என்னோடு பேசவில்லை. வேலையை மட்டும் செய்து கொடுத்தார்.

அவருடைய பெருமைகளில் பெரியது, மயிலாப்பூரில் ஓய்வுபெற்ற வங்கி அதிகாரி ராமானுஜம் வைத்திருந்த சிவப்பு நிற ஸ்போர்ட்ஸ் கார். பழைய வண்டி, இரண்டே சீட், கூரை கிடையாது. வெயிலில் ஓட்டி நிறுத்தினால் உடனே மறுபடி கிளம்பாது. அரை மணி ஆறவிட்டால் ஒன்றுமே நடக்காததுபோலக் கிளம்பும். எஞ்சினை அணைத்ததும் அந்தச் சூட்டில் கார்புரேட்டருக்குள் பெட்ரோல் கொதித்து ஆவியாகிறது என்று கண்டுபிடித்தவர் பொன்னுரங்கம். பெட்ரோல் குழாயைச் சூடு படாத பக்கம் நகர்த்தினார், நடுவே தகரத் தடுப்பு வைத்தார். அதன் பிறகு பங்குனி வரை தொல்லையில்லை. கத்திரி வெயிலில் மட்டும், வழியில் நிறுத்தினாலும் எஞ்சினை அணைக்கக் கூடாது.

1994இல் பொன்னுரங்கத்தின் மகள் அனுவுக்கு வரன் அமைந்தது. மாப்பிள்ளை கிஷோர் நல்ல பையன். ஆனால் அவன் அப்பா ராஜரத்தினமும் மெக்கானிக், தி. நகரில். மாப்பிள்ளை அழைப்புக்கு அந்தச் சிவப்புக் கார்தான் வேண்டும் என்று கிஷோர் ஆசைப்பட, அது சூட்டில் ஏன் கிளம்புவதில்லை என்பதில் நிச்சயதார்த்தத்தன்றே வம்பு பிறந்தது.

"சூட்டுல ஸ்டார்ட்டர் மோட்டார் இழுக்காது, அவ்ளோதான்" என்றார் ராஜரத்தினம்.

"மோட்டாரு கிர்ருன்னு சுத்திக்கினு கீது. ஸ்டார்ட்டராம் ஸ்டார்ட்டரு!" என்றார் பொன்னுரங்கம்.

தாம்பூலத் தட்டு மாற்ற முக்கால் மணி தாமதமானது.

அழைப்பு நாள் காலையில் அனு அப்பாவைத் தனியே கூப்பிட்டாள். "நாளைலேர்ந்து நான் அந்த வூட்லதான் குப்ப கொட்டணும் நைனா. உன் வாயால எனக்கு ஒண்ணும் வந்துரக் கூடாது."

சாயங்காலம் ராமானுஜமே காரை ஓட்டி வந்து, கத்திரி வெயில் காலமாதலால் கோயில் வாசலில் எஞ்சினை அணைக்காமல் உட்கார்ந்திருந்தார். கிஷோர் உள்ளே சாமி கும்பிடப் போனான். ராஜரத்தினம் குனிந்து சாவியைத் திருப்பி அணைத்தார். "எதுக்கு சார் பெட்ரோல் வீணா?" பிள்ளையைப் பெற்றவரிடம் யார் வாய் திறப்பது?

கால் மணி கழித்து மாலையோடு வந்து கிஷோர் ஏறினான், ஆரத்தி சுற்றினார்கள், நாதஸ்வரம் தொடங்கியது. கார் கிளம்பவில்லை. ஏறிய மாப்பிள்ளை மண்டபம் சேருமுன் இறங்கவும் கூடாது. ஸ்டார்ட்டர் மோட்டார் மட்டும் வீதி முழுக்கக் கேட்கும்படி கிர்ரென்று சுற்றியது.

"நான் சொல்லல, ஸ்டார்ட்டர்" என்றார் ராஜரத்தினம். குரலில் சுரத்தில்லை. இரண்டு வீட்டாரும் பொன்னுரங்கத்தைப் பார்த்தார்கள்.

"ஏன் கிளம்பலேன்னு நான் சொல்லட்டுமா?" என்று ஆரம்பித்தார் ராமானுஜம்.

"சும்மா இரு சார்." பொன்னுரங்கம் பானெட்டைத் திறந்தார். தோளிலிருந்த புதுப் பட்டுத் துண்டை ஆரத்தித் தண்ணீரில் முக்கிக் கார்புரேட்டர்மேல் சுற்றினார். பெண்கள் பதறினார்கள். "எஞ்சினுக்கும் திருஷ்டிதாம்மா" என்றவர், ஒரு ஸ்பானரை எடுத்து ராஜரத்தினத்திடம் நீட்டினார். "சம்மந்தி சொன்னதுதான் கரெக்டு. ஸ்டார்ட்டரேதான். உங்க கையால ரெண்டு தட்டு தட்டுங்க."

ராஜரத்தினம் தட்டினார். "இன்னும் கொஞ்சம்" என்று சொல்லிச் சொல்லி, துண்டைத் திருப்பித் திருப்பிப் போட்டு, பத்து நிமிஷம் அவரைத் தட்டவைத்தார் பொன்னுரங்கம். பிறகு ராமானுஜம் சாவியைத் திருப்ப, கார் கிளம்பியது. எல்லோரும் ராஜரத்தினத்தின் கைராசியைப் புகழ்ந்தார்கள். பொன்னுரங்கமும் புகழ்ந்தார். முகம் மட்டும் பேதி மருந்து சாப்பிட்டவர் மாதிரி இருந்தது.

ராஜரத்தினம் ஸ்பானரைத் திருப்பித் தரும்போது மெதுவாகச் சொன்னார், பக்கத்தில் நின்ற எனக்குக் கேட்டது. "அந்தத் துண்ட எடுத்துராதீங்க சம்மந்தி. மண்டபம் போற வரைக்கும் ஈரமாவே இருக்கட்டும்."

பொன்னுரங்கத்துக்குக் கண் கலங்கிவிட்டது. பெண்ணை நல்ல இடத்தில்தான் கொடுக்கிறோம் என்று அவர் நம்பியது அப்போதுதான்.